மெடிக்கல் கோடிங் உங்கள் மகளுக்கு ஒத்துவருமா?

வணக்கம் அம்மா. உயிரியல் பட்டம் முடித்த மகளை மெடிக்கல் கோடிங் பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுந்துவிடுவாள், ஆனால் இது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் ஒரு பிரச்சினையே இல்லை. அந்த ‘தானே’தான் எனக்கு இடறுகிறது. டாக்டர் எழுதிய சிகிச்சைக் குறிப்பை வாசித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை, அதாவது கோடைப் போடுவதுதான் மெடிக்கல் கோடிங். அதை வைத்துத்தான் மருத்துவமனைக்குப் பணம் வரும். இது தட்டச்சு வேலை அல்ல, வாசிக்கிற வேலை. டாக்டர் என்ன எழுதினாரோ அதை மட்டும் வாசிக்க வேண்டும். நாமாக ஒரு சொல்லைச் சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது.

பொதுவாகப் பேசினால் விளங்காது. ஒரே ஒரு காயத்தை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவிலிருந்து சார்ட், அதாவது ஒரு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு வருகிறது. உடைந்த கண்ணாடி கிழித்து மார்பின் முன்பக்கத்தில், இடதுபுறம், 4 செ.மீ. காயம். உள்ளே கண்ணாடித் துண்டு எதுவும் தங்கவில்லை. மார்புக்கூட்டுக்குள் காயம் போகவில்லை. உள்ளடுக்கைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்திருக்கிறார்கள்.

நோய்களுக்கும் காயங்களுக்கும் அமெரிக்காவில் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் என்ற கோட் தொகுப்பில் இதற்கு எஸ்21.112ஏ என்று கோட். எஸ்21 என்றால் மார்புப் பகுதியில் திறந்த காயம். புள்ளிக்கு அப்புறம் வரும் முதல் 1, முன்சுவர், உள்ளே ஊடுருவவில்லை. அடுத்த 1, அந்நியப் பொருள் இல்லாத கிழிசல். 2 என்றால் இடதுபக்கம். கடைசியில் உள்ள ‘ஏ’வைப் புதிதாக வருகிறவர்கள் ‘முதல் தடவை வந்தவர்’ என்று புரிந்துகொள்வார்கள். அப்படி அல்ல. காயத்துக்கான முக்கிய சிகிச்சை நடக்கும் கட்டம் என்று பொருள். அதே நோயாளி பிறகு தையல் பிரிக்க வந்தால் அந்த இடத்தில் ‘டி’ வரும்.

இப்போது சார்ட்டைக் கொஞ்சம் மாற்றுவோம். டாக்டர் ‘ஆழமான கிழிசல்’ என்று மட்டும் எழுதிவிட்டு, உள்ளே போனதா இல்லையா என்று சொல்லவில்லை. அவசரக்காரர் என்ன செய்வார்? ஆழம் என்றால் ஊடுருவியிருக்கும் என்று நினைத்து எஸ்21.312ஏ போட்டுவிடுவார். ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். ஆனால் உள்ளே போகாத காயமாக இருந்தாலும் அது காகிதத்தில் மார்புக்கூட்டைத் துளைத்த காயமாகிவிட்டது. நிஜமாகவே துளைத்து, நுரையீரலைச் சுற்றிக் காற்றும் புகுந்திருந்தால் எஸ்27.0எக்ஸ்எக்ஸ்ஏ என்ற கோடும் சேரும், எது பெரிய காயமோ அது முதலில் வர வேண்டும். சார்ட்டில் இல்லாததைக் கோடர் ஊகிக்கக் கூடாது, டாக்டரிடம் க்வெரி அனுப்பிக் கேட்க வேண்டும். அதையும் பக்குவமாகக் கேட்க வேண்டும். ‘ஊடுருவியதுதானே டாக்டர்?’ என்று பதிலை நாமே எடுத்துக் கொடுப்பது தவறு.

தையலுக்குத் தனியாக சிபிடி கோட் உண்டு. சிபிடி என்பது டாக்டர் செய்கிற சிகிச்சைகளுக்கான கோட் தொகுப்பு. மேலே சொன்ன 4 செ.மீ. அடுக்குத் தையலுக்கு 12032. ஒற்றை அடுக்கில் சாதாரணமாகத் தைத்திருந்தால் 12002. உள்ளடுக்கைத் தைத்ததாக டாக்டர் எழுதாமல் போனால், கையால் அவர் செய்திருந்தாலும் 12032 போட முடியாது. அப்புறம், மார்பிலும் வயிற்றிலுமாக 2 செ.மீ., 3 செ.மீ. என்று இரண்டு காயங்களை ஒரே மாதிரி சாதாரணமாகத் தைத்திருந்தால் இரண்டு கோட் இல்லை. நீளத்தைக் கூட்டி 5 செ.மீ.க்கு ஒரே 12002. கூடுதலாகப் போட்டால் ஆடிட்டில் மாட்டும், குறைத்துப் போட்டால் மருத்துவமனைக்கு வர வேண்டிய பணம் வராது.

ரத்தம் பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, அதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. காயம் எப்படி ஏற்பட்டது என்பதற்கும் கோட் இருக்கிறது. அதே காயம் கத்தியால் என்றால், தவறுதலாகப் பட்டதற்கு டபிள்யூ26.0, பிறர் குத்தியதற்கு எக்ஸ்99.1, தானே குத்திக்கொண்டதற்கு எக்ஸ்78.1 என்று தொடங்கும். ரத்தத்தைப் பார்க்க மாட்டாள், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற கதையைத் தினமும் வாசிப்பாள். சிலருக்கு இது ரத்தத்தைவிட கனமானது. அவளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தேர்வு விஷயம் பெரிதல்ல. கோடர்களுக்குச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான ஏஏபிசி நடத்தும் சிபிசி என்ற சான்றிதழ் தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. கோட் புத்தகங்களைப் பார்த்தே எழுதலாம், மனப்பாடம் தேவையில்லை. அனுபவம் இல்லாமல் தேறுபவருக்கு முதலில் சிபிசி-ஏ என்ற பயிற்சி நிலைதான் கிடைக்கும், இதைப் பல விளம்பரங்கள் சொல்வதில்லை. கோட்களும் ஆண்டுதோறும் மாறும். ஐசிடி அக்டோபர் 1 அன்று, சிபிடி ஜனவரி 1 அன்று. ஒரு தடவை படித்துவிட்டு உட்கார்ந்துகொள்ள விரும்புகிறவருக்கு இது சரிப்படாது.

ஏஐ வந்தால் வேலை போய்விடாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எளிய சார்ட்டுகளுக்கு மென்பொருளே கோடைப் பரிந்துரைக்கிறது, இது இன்னும் கூடும். வெறுமனே கோட் தேடத் தெரிந்தவருக்கு ஆபத்துதான். மென்பொருள் ‘ஆழமான’ என்பதைப் பார்த்து ஊடுருவல் என்று சொன்னால், இல்லை என்று மறுத்துக் காரணமும் காட்டத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும் என்பது என் கணிப்பு. அதனால் பயிற்சி மையத்தில் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: முழு சார்ட்டுகளை வாசிக்கக் கொடுப்பீர்களா, வாரத்துக்கு எத்தனை? பதில் வழவழ என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் மேலே உள்ள சார்ட்டை மகளிடம் கொடுங்கள். ‘இடதுபுறம்’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, கோடைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவள் என்ன செய்தாள் என்பதை எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.