ஏர் ரைஃபிளில் தனியாக வாங்கிய பீப் சைட்டை நானே பொருத்தலாமா? குண்டு மேலேயே போகிறது, எந்தப் பக்கம் அரம் போடுவது?

பொருத்தலாம். ஆனால் அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் கேட்ட இதே இடத்தில்தான் நான் ஒரு நல்ல முன் சைட்டைக் கெடுத்தேன்.

உங்களுடையது ஸ்ப்ரிங் ரைஃபிள், பழைய பின் சைட் பேரலின் நடுவில் இருந்தது, புதியதை, அதாவது சின்னத் துளை வழியாகப் பார்க்கும் இந்தப் பீப் சைட்டை, கண்ணுக்குப் பக்கத்தில் ரயிலில் (ரைஃபிளின் மேல் சைட் மாட்டுவதற்கான நீளப் பள்ளம்) மாட்டியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அப்படித்தான். முதல் நாள் 10 மீட்டரில் சுட்டுப் பார்த்தேன். பின் சைட்டை அதன் திருகின் கடைசி க்ளிக் (ஒவ்வொரு படி) வரை கீழே இறக்கியும் பெல்லட் 52 மி.மீ. மேலே விழுந்தது. மேலே போகிறதே, முன் சைட் போஸ்ட்டை (பேரலின் வாயருகே நிற்கும் குச்சி போன்ற முனை) கொஞ்சம் குட்டையாக்கினால் இறங்கும் என்று நினைத்து அரை மில்லி ராவினேன். 60 மி.மீ. ஆகிவிட்டது.

பின் சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ குண்டும் அந்தப் பக்கம் போகும். முன் சைட் அதற்கு நேர் எதிர். போஸ்ட்டைக் குறைத்தால், அதன் நுனியைக் குறிக்கு நேராகக் கொண்டுவர பேரலின் வாயைத் தூக்க வேண்டியிருக்கும், அதனால் குண்டு இன்னும் மேலே போகும். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த போஸ்ட் பிழைத்திருக்கும்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு சைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். குண்டு எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதை அந்தத் தூரத்தால் பெருக்கி, சுடும் தூரத்தால் (அதுவும் மில்லிமீட்டரில்) வகுத்தால், சைட்டில் எவ்வளவு உயரம் மாற்ற வேண்டும் என்பது வந்துவிடும். எனக்கு 60 பெருக்கல் 650, வகுத்தல் 10,000. விடை 3.9 மி.மீ. இவ்வளவையும் ஒரே இடத்தில் எடுக்க முடியாது. பீப் சைட் கீழே வந்து இடிக்கும் அடித்தட்டில் 1.5 மி.மீ. ராவ இடம் இருந்தது. அதற்கு மேல் போனால் ஸ்க்ரூவின் மரையைத் தொட்டுவிடும். ராவி மாட்டியதும் 60 மி.மீ. 37 ஆக இறங்கியது. கணக்கு சொன்னதும் அதேதான், எனக்கு அவ்வளவு சந்தோஷம். மீதி 2.4 மி.மீ.க்கு எஃகுத் தகட்டில் புது போஸ்ட் வெட்டினேன். வேண்டுமென்றே அரை மில்லி உயரமாக வைத்து, குண்டு கீழே விழுவதைப் பார்த்துப் பார்த்து, இரண்டு இழுப்புக்கு ஒரு முறை சுட்டு, கொண்டுவந்து சேர்த்தேன். உலோகத்தை எடுத்துவிடலாம், திரும்ப ஒட்ட முடியாது.

'துப்பாக்கியில் கை வைக்கவே கூடாது, தெரிந்தவரிடம் கொடு' என்று சிலர் கீழே எழுதக்கூடும். நான் ட்ரிகரையோ ஸ்ப்ரிங்கையோ தொடச் சொல்லவில்லை. துப்பாக்கியின் உடம்பில் டிரில் போட்டு மரை வெட்டவும் சொல்லவில்லை, அது கண்டிப்பாக அந்த வேலை தெரிந்தவருடையது. நான் அரம் வைத்தது தனியாக வாங்கிய பாகத்திலும், கழற்றி மாற்றக்கூடிய போஸ்ட்டிலும் மட்டும். ரைஃபிளை காக் செய்யவில்லை (ஸ்ப்ரிங்கை இழுத்துச் சுடத் தயாராக்கவில்லை), உள்ளே பெல்லட் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மேசை மேலேயே வைத்தேன்.

ரயில் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் 11 மி.மீ. என்று போட்டிருந்தால் பொருந்திவிடும் என்று நம்பாதீர்கள். ரயிலின் அகலமும் பக்கவாட்டுச் சரிவும் ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். சைட்டின் பிடிக்கு உள்பக்கம் மார்க்கர் பேனாவால் மை தடவி, மாட்டி இறுக்கி, கழற்றிப் பாருங்கள். மை பரவலாகத் தேய்ந்திருந்தால் நல்ல பிடி. எனக்கு மேல் விளிம்பில் நூல் போல ஒரே ஒரு கோடு. அந்த ஒரு கோட்டை நம்பித்தான் சைட் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. பிடியின் சரிவைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினேன், ரயிலைத் தொடவில்லை.

ஸ்ப்ரிங் ரைஃபிள் சுடும்போது முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் துள்ளும். இந்த இரட்டை உதறலில் சைட் மெல்லக் கண்ணை நோக்கி நகரும். ரயிலிலும் பிடியிலும் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் சுத்தமாகத் துடைத்துவிட்டு இறுக்குங்கள். ரயிலில் ஸ்டாப் பின்னுக்கு (சைட் நகராமல் தடுக்கும் சின்ன முள்) துளை இருந்தால் பயன்படுத்துங்கள். நான் சைட்டுக்கும் ரயிலுக்கும் குறுக்கே வெள்ளைப் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். நாற்பது குண்டுக்குப் பிறகு கோடு முடியளவு விலகியிருந்தது. கோடு இல்லாமல் இருந்திருந்தால் என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்திருப்பேன்.

க்ளிக் திருப்பும்போது எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வந்து நிறுத்துங்கள். எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் இரண்டு க்ளிக் அதிகம் போய்த் திரும்பி வாருங்கள். தனியாக வரும் சைட்டுகளில் ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும்.

துளையையும் நான் மாற்றினேன். கூட வந்த டிஸ்க்கில் (பீப் சைட்டில் கண் வைத்துப் பார்க்கும் வட்டத் தட்டு) 1 மி.மீ. துளை. வெளியில் வெயிலில் அருமை, கூரைக்கு உள்ளே ஒரே இருட்டு. சிறிய துளை முன் சைட்டையும் குறியையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டும், ஆனால் வெளிச்சத்தைத் தின்றுவிடும். உபரி டிஸ்க் ஒன்றை 1.3 ஆக்கினேன். டிரில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். துளை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நிற்கும், வெளிச்சம் அதில் பட்டு வட்டம் ஒரு பக்கம் பற்கள் முளைத்ததுபோல் தெரியும். பிசிறை எடுத்து, விளிம்பை மெல்லியதாக்கி, மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினேன். அதன்பின் துளையே கண்ணில் படவில்லை, போஸ்ட் மட்டும் கத்தி போல நின்றது.

கேட்காததையும் சொல்கிறேன், மனசு ஆறவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் பாதிப் பிரச்சினை சைட்டில் இல்லை, கண்ணாடியில். கண்ணாடி போட்டுக்கொள்ளப் போன இடத்தில், எனக்கு ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன முனை தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். 'படிக்கவா, தூரத்துக்கா?' என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் எழுத அவர்களிடம் கட்டமே இல்லை போல. கடைசியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தார்கள். ரைஃபிளில் கன்னம் வைக்கும்போது தலை சாய்கிறது, கண் லென்ஸின் மேல் மூலை வழியாகப் பார்க்கிறது, அங்கே எல்லாமே கலங்கல். நான்கு மாதம் என் சைட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொரு இடத்தில் ஒருவர் பொறுமையாகக் கேட்டு, தூரப் பார்வை பவருடன் அரை டயாப்டர் பிளஸ் சேர்த்து, நான் தலை சாய்த்துக் காட்டியபடி மையம் குறித்துக் கொடுத்தார். அன்றைக்குத்தான் என் போஸ்ட்டின் விளிம்பை முதல் முறையாகப் பார்த்தேன்.

உங்கள் இரண்டு சைட்டுக்கும் இடையே எத்தனை மில்லி, எத்தனை மீட்டரில் சுடுகிறீர்கள், குண்டு எவ்வளவு மேலே விழுகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். ஐந்து ஐந்து குண்டாக மூன்று முறை சுட்டு, நடுப்புள்ளியை எடுத்து அளந்து எழுதுங்கள், ஒரே ஒரு குண்டை வைத்து வேண்டாம். எத்தனை மில்லி, எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை அரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.