பேரன் படிக்கும் வரை நிற்கும் மை எது?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் குடும்பத்தின் கதையை ஒரு நோட்டில் கைப்பட எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரன் பேத்திகள் பெரியவர்களாகிப் படிக்கும்போதும் எழுத்து தெளிவாக இருக்க வேண்டும். என்னிடம் அப்பா காலத்து எபோனைட் (கெட்டி ரப்பர்) ஐடிராப்பர் பேனா, அதாவது உடலுக்குள் நேராக மை ஊற்றுகிற பேனா ஒன்றும், கன்வெர்ட்டர் (மை உறிஞ்சும் சிறு குழாய்) போட்ட ஜப்பான் பேனா ஒன்றும் இருக்கின்றன. கடைக்காரர் பர்மனென்ட் பிளாக் போதும் என்கிறார். அதை நம்பலாமா? பேனா கெடுமா? ஏற்கெனவே நாற்பது பக்கம் சாதாரண ராயல் புளூவில் எழுதிவிட்டேன். அதையெல்லாம் திரும்ப எழுத வேண்டுமா?”

கடைக்காரர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். புட்டியின் மேல் ‘பர்மனென்ட்’ என்று போட்டிருப்பதை வைத்து ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள். பார்க்கர் கம்பெனியின் பழைய க்விங்க் மைப் புட்டிகளில் ‘வாஷபிள்’, ‘பர்மனென்ட்’ என்று இரண்டு வகை இருக்கும். முதலாவது சட்டையில் பட்டால் துவைத்ததும் போய்விடும், இரண்டாவது அவ்வளவு லேசில் போகாது. ஆனால் இரண்டுமே தண்ணீரில் கரைத்த சாயம்தான். நோட்டு மூடியே இருந்தால் சாய மை பல பத்து வருஷம் தாங்கும். வெயில் பட்டால் வெளுக்கும், நனைந்தால் ஓடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் வீட்டுக் காகிதங்களைப் பறிகொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காவிரிக் கரைக்காரரான உங்களுக்கும் தண்ணீரைப் பற்றிய பயம் இருக்கத்தான் வேண்டும்.

நீண்ட நாள் நிற்பதற்கென்று ஃபவுண்டன் பேனாவில் போடக்கூடிய மைகள் மூன்று வகை. உங்கள் வேலைக்கு நான் முதலில் சொல்வது மாசிக்காய் மை. ஆங்கிலத்தில் அயர்ன் கால் இங்க் என்பார்கள்.

நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிற, குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கிற அதே மாசிக்காய்தான். அதில் உள்ள துவர்ப்புப் பொருளான டானினும், அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பும் சேர்ந்தால் முதலில் கிட்டத்தட்ட நிறமே இருக்காது. காற்றுப் பட்டதும் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, தண்ணீரில் கரையாத கருப்பாகி, காகித நாருக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கலம்காரித் துணியில் கருப்புக் கோடு விழுவதும் இதே வேதியியலால்தான். அங்கே மாசிக்காயின் இடத்தில் கடுக்காய். ஐரோப்பாவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பத்திரம், பைபிள், கடிதம் எல்லாம் இதில்தான் எழுதினார்கள். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளுக்கென்றே ‘ரெஜிஸ்ட்ரார்ஸ் இங்க்’ என்று ஒன்று இன்றும் விற்கிறது. டயமைன் கம்பெனியும் அதைத் தயாரிக்கிறது.

எழுதும்போது நிறம் தெரிய வேண்டும் என்பதற்காக இதில் கொஞ்சம் நீலச் சாயமும் கலப்பார்கள். அதனால் இந்த மையில் எழுதுவதே ஒரு வேடிக்கை. நிப் போகிற இடத்தில் பளிச்சென்ற நீலமாக விழும். பக்கத்தின் அடிக்கு வந்து மேலே பார்த்தால் முதல் வரி மங்கி, சிலேட்டு நிறத்துக்கு நகரத் தொடங்கியிருக்கும். மறுநாள் காலையில் முழுப் பக்கமும் கருநீலமாகிவிடும். நனைந்தால் அந்த நீலச் சாயம் மட்டும் கழன்று ஓடும். பின்னால் சாம்பல் கலந்த கருப்பு எழுத்து அப்படியே நிற்கும், படிக்கவும் வரும். பிளாட்டினம் புளூ பிளாக், ரோரர் அண்ட் கிளிங்னரின் சாலிக்ஸ், பெலிக்கன் 4001 புளூ பிளாக் மூன்றும் இந்த வகை. புளூ பிளாக் என்று பெயர் வைத்த எல்லா மையும் மாசிக்காய் மை ஆகிவிடாது. இன்றைய புளூ பிளாக்குகளில் பெரும்பாலானவை வெறும் சாயம், லாமி கூடப் பழைய கலவையை மாற்றிவிட்டது. கேட்டு வாங்குங்கள்.

குறை இல்லாமல் இல்லை. இந்த மை அமிலத்தன்மை கொண்டது. பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கையெழுத்து இசைத்தாள்களை இந்த மை அரித்து ஓட்டை போட்டதால், தாளை இரண்டு ஏடாகப் பிளந்து, நடுவே மெல்லிய தாள் வைத்து ஒட்டிக் காப்பாற்றினார்கள். அந்தக் காலத்து மை அவரவர் கைப்பக்குவத்தில் காய்ச்சியது, அன்னபேதி அளவு மீறிப் போயிருக்கும். இப்போது பேனாவுக்கென்று வருவது மிகவும் நீர்த்த கலவை, அந்தப் பயம் வேண்டாம். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நிப்புக்கும் தங்க நிப்புக்கும் ஒன்றும் ஆகாது. முலாம் பூசிய மலிவு நிப்பு என்றால் முலாம் உரியலாம்.

உங்கள் எபோனைட் பேனா பற்றி. எபோனைட்டுக்கு இந்த அமிலத்தால் கெடுதல் இல்லை. ஆனால் ஐடிராப்பரில் ஒரு தடவை நிரப்பினால் வாரக்கணக்கில் மை உள்ளேயே கிடக்கும். காற்றுப் பட்டு இரும்பு படிந்து, நிப்புக்கு மை கொண்டுபோகும் ஃபீடு அடைத்துக்கொண்டால் கழுவுவது பெரிய வேலை. போதாக்குறைக்கு, மை கால்வாசிக்கு வந்ததும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து, நிப்பிலிருந்து சொட்டென்று ஒரு துளி விழும். வேட்டியில் விழுந்தால் அதுவும் ஆவணம்தான். அப்பாவின் பேனாவை ராயல் புளூவோடு கடிதம் எழுத வைத்துக்கொள்ளுங்கள். வரலாற்று நோட்டுக்கு ஜப்பான் பேனா, கன்வெர்ட்டரில் புளூ பிளாக், சரியாக இருக்கும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் எழுதுங்கள். மாதம் ஒரு முறை சாதாரணத் தண்ணீரில், நிறம் வருவது நிற்கும் வரை அலசுங்கள். கறை பிடித்திருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை அஸ்கார்பிக் அமிலத் தூளை, அதாவது வைட்டமின் சி-யைக் கரைத்து, நிப்பைச் சிறிது நேரம் ஊறவைத்து அலசினால் இரும்புக் கறை இளகிவிடும். சப்புகிற மாத்திரை வேண்டாம், அதில் சர்க்கரை உண்டு. வேறு மைக்கு மாறுவதற்கு முன் நன்றாகக் கழுவுங்கள். காரத்தன்மையுள்ள மையோடு இது கலந்தால் உள்ளேயே கசடு தட்டும்.

இரண்டாவது வகை நிறமி மை. சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும். நிறமி மிக நுண்ணிய துகளாக மிதந்துகொண்டிருக்கும். இதில் கருப்புக்குக் கார்பன்தான் ராஜா. ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய பிறகு விளக்குக்கரி தடவினார்களே, அதே கரி. வெயில், தண்ணீர், பிளீச்சிங் பவுடர் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ இரண்டும் பேர்போனவை. நீலம் வேண்டுமென்றால் செய்லர் செய்போகு. நிலைத்து நிற்பதை மட்டும் பார்த்தால் மாசிக்காய் மையைவிட இதுதான் மேல். பிறகு ஏன் இரண்டாவதாகச் சொல்கிறேன் என்றால், பேனாவுக்குள் காய்ந்துவிட்டால் பட்ட பாடு போதும் என்றாகிவிடும். நாலு நாள் எழுதாமல் வைத்துவிடுகிற ஆள் என்றால் இதைத் தொடவே வேண்டாம். இல்லை, எழுதுவேன் என்றால் இதற்கென்று பிளாட்டினம் பிரெப்பி மாதிரி, மூடி இறுக்கமாக அடைக்கும் மலிவுப் பேனா ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. படம் வரைகிற வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்க், இந்தியன் இங்க் என்று சின்ன புட்டியில் விற்கும். அதுவும் கார்பன்தானே என்று ஃபவுண்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் அரக்கு போன்ற பசை சேர்ந்திருக்கும். காய்ந்தால் பேனாவைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மூன்றாவது வகை, காகிதத்தின் செல்லுலோஸோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும் சாயம். அமெரிக்காவின் நூட்லர்ஸ் பிளாக் இதற்கு உதாரணம். நல்ல மைதான், ஆனால் வழவழப்பான தாளில் உள்ளே இறங்காத மை மேலாகத் தங்கி, விரல் பட்டால் ஈஷிக்கொள்ளும்.

சில நிறுவனங்கள் ஐஎஸ்ஓ 14145-2 என்ற சர்வதேசத் தர எண்ணைப் போட்டு விற்பார்கள். மோன்ட்பிளாங்கின் பர்மனென்ட் பிளாக், பர்மனென்ட் புளூ அப்படி வருகின்றன. அந்தத் தர அளவுகோல் ஆவணங்களுக்கான ரோலர்பால் பேனாக்களுக்கு எழுதப்பட்டது. ஒளி, தண்ணீர், பிளீச் போன்றவற்றைத் தாங்குகிறதா என்று பார்க்கும். ‘பர்மனென்ட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இந்த எண் இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

யார் சொன்னதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. நீங்கள் எழுதுகிற அதே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஒரே வாக்கியத்தை மூன்று முறை இடைவெளி விட்டு எழுதுங்கள். மூன்று நாள் நன்றாக ஆறவிட்டு, மூன்று துண்டாக வெட்டுங்கள். ஒன்றைத் தண்ணீர்த் தட்டில் ஒரு நாள் முழுக்க மூழ்க வையுங்கள். இரண்டாவதில் பாதி வரியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழுகிற ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். மூன்றாவது பீரோவுக்குள் இருக்கட்டும். அப்புறம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராயல் புளூவுக்கும் இதையே செய்து பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

மையைவிடத் தாள் முதலில் போய்விடும் என்பதையும் கவனியுங்கள். மலிவு நோட்டின் தாளில் அமிலம் மிச்சம் இருக்கும். பழுப்பேறி, மடித்தால் ஒடியும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டது வாங்குங்கள்.

எழுதி முடித்த நாற்பது பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டாம். மூடிய நோட்டில் ராயல் புளூவுக்கு வெளிச்சத்தால் ஆபத்து இல்லை, ஈரம்தான் ஆபத்து. இப்போதே ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து, இரண்டு பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள். நோட்டைத் தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்யாதீர்கள், அதைப் பிரிக்க முடியாது. அந்த நாற்பது பக்கத்தில் வருகிற பெயர், பிறந்த தேதி, ஊர், உறவுமுறை ஆகியவற்றை மட்டும் எடுத்து வம்சாவளியாக ஒரே தாளில் கார்பன் மையில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் செருகிவையுங்கள். ஒரு மாலை வேலைதான்.