வேறு ஈர்ப்புக் கோட்பாட்டில் ஒளி எப்படி வளையும்?

கேள்வி: ஐன்ஸ்டீனுடைய ஈர்ப்புக் கோட்பாட்டை விட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டால், கருந்துளையைச் சுற்றி ஒளி போகும் பாதையும் மாறுமா? – வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எந்தக் கோட்பாடு என்பதைப் பொறுத்தது. உங்கள் சில்வர் பீச்சில் நின்று பாருங்கள், சாய்வாக வரும் அலை கரையை நெருங்க நெருங்கத் திரும்பி ஏறக்குறைய நேராகவே வந்து மோதும், ஏனென்றால் ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறைகிறது. கடலடித் தரை வேறு மாதிரி இருந்தால் அலையும் வேறு மாதிரி திரும்பும். ஒளிக்கு அந்தத் தரை காலவெளியின், அதாவது காலமும் இடமும் சேர்ந்த பின்னலின், வளைவு. கோட்பாடு மாறினால் தரையும் மாறலாம்.

சுழலாத கருந்துளையில், ஐன்ஸ்டீன் கணக்குப்படி, நிகழ்வெல்லை (உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லை) ஆரத்தின் 1.5 மடங்கு தூரத்தில் ஒளி வட்டமாகவே சுற்றலாம், ஆனால் துளி விலகினாலும் உள்ளே விழும் அல்லது வெளியே தப்பும். தொலைவிலிருந்து தெரியும் இருண்ட நிழலின் ஆரம் இன்னும் பெரிது, சுமார் 2.6 மடங்கு. மாற்றுக் கோட்பாடுகள் பலவற்றில் இந்த எண்கள் கூடும், குறையும். ஆனால் எல்லாவற்றிலும் இல்லை! ஈர்ப்பின் வலிமையே இடத்துக்கு இடம் மாறலாம் என்னும் பிரான்ஸ்–டிக்கி (Brans–Dicke) கோட்பாட்டில், மாற்றங்கள் அடங்கி நிலைத்துவிட்ட கருந்துளை ஐன்ஸ்டீனுடையதேதான் என்று 1972-ல் ஹாக்கிங் காட்டினார், அதனால் அங்கே நிழலை அளந்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது.

சரி, அளந்தார்களா? அளந்தார்கள். 2022-ல் வெளியான பால்வீதி மையக் கருந்துளையின் படத்தில், நிழலின் அளவு ஐன்ஸ்டீன் கணக்கோடு சுமார் 10 சதவீதத்துக்குள் பொருந்துகிறது. அந்த இடைவெளிக்குள் இன்னும் பல கோட்பாடுகள் உயிரோடு இருக்கின்றன.