சமையல்கார அம்மாவின் சம்பளம் யார் கணக்கில் போனது?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். பீன்யாவில் எனக்கு ஒரு லேத் பட்டறை, 18 பேர் வேலை செய்கிறார்கள். வீட்டில் 8 வருடம் 4 மாதமாகச் சமைத்த, கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மா ஒருவர் என் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு நின்றுவிட்டார். கடைசிச் சம்பளம் 19,500 ரூபாய். அவர் மகளின் காலேஜ் ஃபீஸ்கூட நாங்கள்தான் கட்டினோம். இப்போது கிராஜுவிட்டி (பணிக்கொடை), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கேட்டு வக்கீல் நோட்டீஸ். பதிலுக்கு 15 நாள் கெடு. வீட்டு வேலைக்காரருக்கு இதெல்லாம் உண்டா? ஆடிட்டர் சொன்னபடி அவர் சம்பளத்தையும் டிரைவர் சம்பளத்தையும் பட்டறைக் கணக்கிலிருந்துதான் கொடுத்து வந்தோம். வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்றும் காணவில்லை.

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது கடைசிக்கு முந்தைய வரி மட்டும்: பட்டறைக் கணக்கிலிருந்து சம்பளம் கொடுத்தது. காலேஜ் ஃபீஸ் உங்கள் நல்ல மனசு, அது வழக்கில் வராது. குத்துவிளக்கை இந்த நேரத்தில் போலீஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு கொடுக்கும் திருட்டுப் புகாரை யாரும் நம்புவதில்லை.

சொந்தப் பையிலிருந்து கொடுத்திருந்தால் உங்களுக்குப் பெரிய பாரமே இல்லை. பிஎஃப் 20 பேர் உள்ள நிறுவனத்துக்கு, கிராஜுவிட்டியும் ஈஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீடும் 10 பேர் உள்ள நிறுவனத்துக்கு. வீடு அந்தக் கணக்கில் வராது. 19,500 ரூபாய் சம்பளத்தில் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடிக்கவும் ஒன்றுமில்லை. (குறைந்தபட்சக் கூலி வேறு விஷயம். கர்நாடகத்தில் வீட்டு வேலைக்கும் 2004 முதலே அது உண்டு.)

ஆனால் நீங்கள் வரி மிச்சம் பிடிக்கப்போய் அவரைப் பட்டறை ஆளாக ஆக்கிவிட்டீர்கள். அவருடைய பாஸ்புக்கில் மாதா மாதம் உங்கள் பட்டறை பெயரோடு 'சாலரி' என்று விழுந்திருக்கும். உங்கள் லெட்ஜரில் அவர் 'ஆபீஸ் உதவியாளர்' என்றுதான் இருப்பார்; ஆடிட்டர்கள் வழக்கமாகப் போடும் பெயர் அது. ஈஎஸ்ஐ பட்டியலில் மட்டும் அவர் பெயர் இருக்காது. அந்த ஓட்டையை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே பார்த்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் என் கட்சிக்காரர்கள் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் உடனே பதில் எழுதுவார்கள்: "இவர் எங்கள் வீட்டுச் சமையல்காரர், நிறுவனத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை." கிராஜுவிட்டி வழக்குக்கு அது நல்ல பதில்தான். ஆனால் வீட்டுச் செலவைத் தொழில் செலவாகக் காட்டியதை உங்கள் கையெழுத்திலேயே ஒப்புக்கொண்டதும் அதுதான். வருடத்துக்கு 2,34,000 ரூபாய் பொய்ச் செலவு. நீங்கள் 30 சதவீத வரம்பில் இருந்தால் அதற்கு வரி 70,200, செஸ் தனி. கணக்கில் பொய்ப் பதிவு என்று துறை முடிவு செய்தால் அபராதம் அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு. டிரைவர் சம்பளத்துக்கும் இதே கணக்கு.

சரி, பட்டறை ஆள்தான் என்று ஒப்புக்கொண்டால்? கிராஜுவிட்டி சின்னத் தொகை: வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது கணக்கு. 19,500-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 11,250, எட்டு வருடத்துக்கு 90,000. ஆபத்து அதில் இல்லை. உங்கள் 18 பேரோடு சமையல்கார அம்மாவையும் டிரைவரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். இருபது. அந்த எண்ணைத் தொட்ட நாளிலிருந்து பட்டறைக்கே பிஎஃப் சட்டம் பொருந்தும், அப்புறம் ஆள் குறைந்தாலும் விடாது. பழைய மாதங்களுக்குத் தொழிலாளி பங்கையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். இனி வரும் சம்பளத்தில் அதைப் பிடிக்க முடியாது. மேலே வட்டியும் இழப்பீடும். இதைக் கிளப்ப பிஎஃப் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போதும். அதை எழுதத் தெரிந்தவரிடம்தான் அந்த அம்மா போயிருக்கிறார்.

ஆகவே வழக்காடாதீர்கள், சமரசம் செய்யுங்கள். உண்மை எதுவோ அதன்படியே செய்யுங்கள்: அவர் உங்கள் வீட்டில்தான் வேலை செய்தார். கிராஜுவிட்டிக்குச் சமமான 90,000 ரூபாயை, கொஞ்சம் கூட்டியே, உங்கள் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து கொடுங்கள். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவதைப் பெரிய பாதுகாப்பாக நினைக்காதீர்கள். தொழிலாளிக்குச் சட்டம் தரும் பாக்கியை அப்படி விட்டுக்கொடுக்க வைக்க முடியாது. முன்பிருந்த 1972-ஆம் ஆண்டுக் கிராஜுவிட்டிச் சட்டத்திலும் முடியாது, 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் முடியாது. மனம் ஆறினால் அவர் பன்னேர்கட்டா சாலையில் தொழிலாளர் துறை இருக்கும் கார்மிக பவன் படி ஏறமாட்டார். பணத்தை உங்கள் மனைவி கையால் கொடுக்க வைப்பது நல்லது. அந்த அம்மா கேட்பது பாதி அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதோடு வரிக் கணக்கையும் சரிசெய்யுங்கள். பொய்ச் செலவை நீக்கித் திருத்திய கணக்கை நான்கு வருடம் வரை தாக்கல் செய்யலாம். வரி, வட்டிக்கு மேல் 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகும். கசக்கும்தான், அபராதத்தோடு ஒப்பிட்டால் மலிவு. துறை விசாரணை தொடங்கிவிட்டால் அந்தக் கதவும் பெரும்பாலும் மூடிவிடும்.

டிரைவருக்கு அடுத்த மாதச் சம்பளம் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து போகட்டும். நோட்டீஸுக்கு நீங்களாக ஒரு வரிகூட எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். கெடு முடிவதற்குள் கடந்த நான்கு வருட லெட்ஜரோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். ஆடிட்டரையும் கூட்டிப் போங்கள், வழி சொன்னவர் அவர்தானே.