கேள்வி – பதில்: பெண்ட் வீலில் தோடி காந்தாரம்

கே: மிடி (இசைக்கருவிகள் எண்களாகச் செய்தி அனுப்பும் முறை) கீபோர்டில் ரிஷபத்தை அழுத்தி, ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் வீலை முழுக்கத் தள்ளினாலும் தோடியின் காந்தாரத்தோடு நின்றுவிடுகிறது, மத்யமம் எட்டவில்லை. சாஃப்ட்வேரில் ரேஞ்சை (வீல் ஸ்வரத்தை எவ்வளவு தூரம் வளைக்கும் என்ற அளவை) 12 ஆக்கினால் ஸ்வரம் கைக்கு அடங்குவதில்லை. என்ன செய்வது? – வாசகர், கும்பகோணம்

ப: கீபோர்டின் மேல் தப்பில்லை. வீல் அனுப்புவது 0 முதல் 16383 வரை ஓர் எண், நடுநிலை 8192. அது எத்தனை செமிடோன் (அடுத்தடுத்த இரு கீகளுக்கு இடைப்பட்ட தூரம்) என்பதை ஒலி தரும் கருவிதான் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் மேலே 2, கீழே 2 என்று இருக்கும். ஸட்ஜம் 'சி' என்றால் தோடியின் ரி 'சி ஷார்ப்', ம 'எஃப்', இடைவெளி 4. ஆகவே ரேஞ்சை 4 வையுங்கள். 12 வேண்டாம். சில மலிவு கீபோர்டுகள் வீலின் மொத்த ஓட்டத்தையும் 128 படிகளாகவே அனுப்பும். ரேஞ்ச் 12 என்றால் ஒரு படி ஏறத்தாழ 19 சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கமகம் வழுக்காமல் தத்தித் தத்திப் போகும். 4 என்றால் 6 சென்ட்தான்.

ரேஞ்சை 2-லேயே விட்டு, காந்தாரத்தை அழுத்தி இருபுறமும் உருட்டலாமே என்று தோன்றும். கணக்கு சரிதான். ஆனால் பல வீல்களில் நடுவே கொஞ்ச தூரம் அசைத்தாலும் எண் மாறாது. அதைக் கடக்கும்போதெல்லாம் ஸ்வரம் தட்டி நிற்கும். விளம்ப காலத்தில் அப்பட்டமாகத் தெரியும். ரியிலிருந்து மேலே மட்டும் ஆட்டுவதே மேல்.

மெனுவில் ரேஞ்ச் இல்லாத பழைய மாட்யூலா (கீ இல்லாமல் ஒலி மட்டும் தரும் பெட்டி)? கண்ட்ரோலர் (எண்ணிட்ட மிடி கட்டளை) 101-க்கு 0, 100-க்கு 0, 6-க்கு 4 என்று இதே வரிசையில் அனுப்பி, முடிவில் 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்புங்கள். இந்த முடிவை விட்டால், பிறகு 6-ஆம் எண்ணில் ஏதாவது ஸ்லைடர் நகர்ந்தாலும் ரேஞ்ச் மாறிவிடும், அதுவும் கச்சேரி நடுவில்.

பெண்ட், ஸ்வரம் போகும் மிடி சானல் (செய்திகள் தனித்தனியே போகும் தடம்) முழுவதையும் ஆட்டும். ஸ்ருதியை வேறு சானலில் வையுங்கள். கீயை விட்ட கையோடு வீலையும் விட்டால், ரிலீஸ் (கீயை விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) நீளமான ஒலியில் வால் சறுக்கும்.

கே: பல கீகளைச் சேர்த்துப் பிடிக்கும் கார்டில் (chord) ஒரு கீயை மட்டும் அழுத்திப் பிடித்தாலும் எல்லா ஸ்வரமும் அதிர்கிறது. பழுதா? – வாசகி, கோவை

ப: பழுதில்லை. கீயை அழுத்தியபின் மேலும் அழுத்தும் பலத்தை அளப்பது ஆஃப்டர்டச்; உங்களுடையது சானல் ஆஃப்டர்டச். எந்தக் கீயை அழுத்தினாலும் சானலுக்கு ஒரே அளவுதான் போகும். கீக்கு ஓர் அளவு வேண்டுமென்றால் பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் உள்ள கீபோர்டு தேவை. ஒலி தரும் கருவியும் அதை ஏற்க வேண்டும்.

கே: ஒலியைக் காலால் ஏற்றி இறக்கும் புதிய எக்ஸ்பிரஷன் பெடல் கடைசி அரை அங்குலத்தில்தான் வேலை செய்கிறது. – வாசகர், யாழ்ப்பாணம்

ப: முதலில் கேபிளைப் பாருங்கள். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள் வேண்டும். ஒன்றே இருந்தால் அது கிட்டார் கேபிள், உதவாது. அது சரியென்றால் வயரிங்: பெடலின் நகரும் முனை சில கம்பெனிகளில் பிளக்கின் நுனிக்கும், சிலவற்றில் நடு வளையத்துக்கும் போகிறது. மாற்றும் சுவிட்ச் பெடலிலோ கீபோர்டு மெனுவிலோ இருக்கலாம். இரண்டிலும் இல்லையென்றால், அந்த இரு வயரையும் இடம் மாற்றிய கேபிள் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பெடலுக்குக் கண்ட்ரோலர் 11 கொடுங்கள். 7 கொடுத்தால் மிக்ஸில் வைத்த வால்யூமையே அது மாற்றிவிடும்.