தச்சு கேள்வி–பதில்: புறாவால் பிணைப்பில் இடுக்கு ஏன்?

கேள்வி: 15 மி.மீ. தேக்கில் 90 மி.மீ. உயர நகைப்பெட்டி செய்கிறேன். மூலைகளில் புறாவால் பிணைப்பு (டவ்டெயில்) வெட்டினால் முடி நுழையும் அளவு இடுக்கு விழுகிறது. மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அடைக்கிறேன். எங்கே தவறு?
– காரைக்குடி வாசகர்

பதில்: பெரும்பாலும் கோட்டின் மேலேயே ரம்பம் போட்டிருப்பீர்கள். முதலில் வாலை (புறாவின் வால்போல் நுனியில் விரிந்த பகுதி) வெட்டுங்கள். அதில் கோடு சற்று விலகினாலும் பரவாயில்லை. முளையை (மறு பலகையில் வால்களுக்கு இடையே புகும் பகுதி) அந்த வாலை வைத்துத்தானே வரையப் போகிறோம்! ஆனால் பலகையின் கனத்தில் வெட்டு நேர்க்குத்தாக இருக்க வேண்டும், மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். முளையைப் பென்சிலால் வரையாதீர்கள், கத்தி முனையால் கீறுங்கள். ரம்பம் கழிவுப் பக்கம் ஓட, கீறல் முளையோடு மிஞ்ச வேண்டும்.

உங்கள் அளவுக்கு மூன்று வால் போதும். பலகை நுனியில் வால் ஒவ்வொன்றும் 24 மி.மீ., நடுவில் 4 மி.மீ. இடைவெளி இரண்டு, இரு ஓரத்திலும் 5 மி.மீ. சரிவு எட்டுக்கு ஒன்று. அதைவிடச் சாய்த்தால் வாலின் கூர்முனை பெயர்ந்துவிடும்.

அடிக்கோட்டில் (வெட்டு முடியும் கோடு) உளியை வைத்து எடுத்த எடுப்பில் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) ஓங்கினால், உளியின் சரிந்த முகம் அதைக் கோட்டைத் தாண்டித் தள்ளும். 1 மி.மீ. விட்டுக் கழிவைக் கொத்தி எடுத்துவிட்டு, கடைசியில் கோட்டில் வையுங்கள். பாதி ஒரு பக்கம், மீதி மறுபக்கம். ஒரே பக்கமாக இறக்கினால் அடிமுகம் சிம்பு சிம்பாகப் பெயரும்.

பூட்டிப் பார்ப்பது ஒரே தடவை, அதுவும் பாதி வரை. வாலின் உள்முகத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தால் முளையில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே மட்டும் சீவுங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. பசை தடவுமுன் அசிட்டோனால் துடையுங்கள். தூள் குழைத்த அடைப்பு பாலிஷ் போட்டதும் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். அதே தேக்கின் மெல்லிய சீவலை ரேகை ஒத்துச் செருகுவது மேல்.

கேள்வி: கதவுச் சட்டத்தில் ஆணி அடிக்காமல் கழுந்தை (துளைக்குள் செருகும் நாக்கு) இறுக்க முடியுமா?
– தென்காசி வாசகர்

பதில்: முடியும். 36 மி.மீ. சட்டத்துக்குக் கழுந்து 12 மி.மீ. கனம். துளைச்சட்டத்தில் முதலில் குறுக்கே அடிக்கும் ஆப்புக்கு ஓட்டை போடுங்கள். கழுந்தைச் செருகி ஓட்டையின் மையத்தை அதில் குறித்து, உருவி, அந்த மையத்தைத் தோள் (கழுந்தின் அடியில் சட்டம் அகலும் இடம்) பக்கமாக 1.5 மி.மீ. நகர்த்தித் துளையுங்கள். நுனி சீவிய காய்ந்த மூங்கில் ஆப்பை அடித்தால் தோள் இழுபட்டு ஒட்டும். தோளை விட்டு விலக்கித் துளைத்தால் அதே ஆப்பு இணைப்பைப் பிரித்துவிடும்.