வி8 எஞ்சினுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: மிஷிகனில் இருக்கிறோம். நானும் மனைவியும் சேர்ந்து ஆண்டுக்கு 1,60,000 டாலர் சம்பாதிக்கிறோம். புது டாட்ஜ் சார்ஜர் சிக்ஸ்பேக் கார் மேல் கண். ஆர்/டி போதுமா, ஸ்காட் பேக் எடுக்கலாமா? வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) வரும் என்கிறார்களே, பொறுத்துப் பார்க்கலாமா? கையில் 10,000 டாலர் இருக்கிறது. மீதிக்கு 72 மாதக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: முதலில் வி8 கதையை முடித்துவிடுவோம். விலையே தெரியாத எஞ்சினுக்கு நான் எப்படிக் கணக்குப் போடுவது? விற்பனையில் இருந்ததே காணாமல் போகிறது. சார்ஜரின் மின்சார வகையான டேடோனாவில் ஆர்/டி டிரிம் (ரகம்) 2026-க்கு வரவில்லை. அதனால் ஷோரூமில் நிற்கும் வண்டியைப் பற்றிப் பேசுவோம்.

சிக்ஸ்பேக்கின் ஆர்/டி, ஸ்காட் பேக் இரண்டிலும் ஒரே 3.0 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ எஞ்சின்தான். ஆர்/டியில் 420 குதிரைத்திறன், ஸ்காட் பேக்கில் 550. இரண்டு கதவு வண்டியின் அறிமுக விலை 49,995 டாலரும் 54,995 டாலரும். மிஷிகனின் 6% விற்பனை வரியோடு வித்தியாசம் 5,300. "மாதம் 90 டாலர்தானே சார் கூட" என்பார் டீலர். 7% வட்டியில் அது சரியான கணக்குதான். ஆனால் கடைசித் தவணை கட்டும்போது 6,500 போயிருக்கும். இன்ஷூரன்ஸ், பிரீமியம் பெட்ரோல் தனி. வேலைக்குப் போய் வரவா 550 குதிரைத்திறன்?

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 2025 முதல் 2028 வரை, புதுக் கார் கடனின் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வருமான வரிக் கழிவு உண்டு. தம்பதிக்கு வருமானம் 2 லட்சத்தைத் தாண்டினால்தான் அது குறையும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் வண்டி அமெரிக்காவில் பொருத்தி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். சார்ஜர் வருவது ஒன்டாரியோவின் வின்ட்சரில் இருந்து. டெட்ராய்ட் ஆற்றங்கரையில் நின்றால் எதிரே தெரிகிற ஊர்தான், ஆனாலும் வரித்துறைக்கு வெளிநாடு. முன்கண்ணாடியின் கீழ் மூலையில் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) பாருங்கள், 2-ல் தொடங்கும். அது கனடா.

மிஷிகனின் ஃபிளாட் ராக்கில் உருவாகும் ஃபோர்டு மஸ்டாங்கின் எண் 1-ல் தொடங்கும். அதன் ஜிடி டிரிமில் 5.0 லிட்டர் வி8, 480 குதிரைத்திறன். நீங்கள் காத்திருக்கும் வி8 பக்கத்து ஊரிலேயே இருக்கிறது! அதே 7% வட்டியில், 72 மாதத்துக்கு 45,000 டாலர் கடன் என்றால் முதல் ஆண்டு வட்டி சுமார் 2,950. உங்கள் 22% வரி வரம்பில் 650 டாலர் வரை மிச்சம்.

ஒரு குறை, மஸ்டாங் பின்சக்கர வண்டி. ஜனவரிப் பனிக்குத் தனி டயர் செட் வாங்க வேண்டியிருக்கும். சார்ஜரில் நான்கு சக்கர இயக்கம் எல்லா டிரிமிலும் வருகிறது. வீட்டில் பனிக்கு வேறு கார் இருந்தால் நான் ஜிடி என்பேன். இதுதான் ஒரே வண்டி என்றால் ஆர்/டி, அதுவும் இன்னும் ஓர் ஆண்டு சேமித்து, 60 மாதக் கடனில். எதுவானாலும் கையெழுத்துக்கு முன் இன்ஷூரன்ஸ்காரரிடம் அந்த வின் எண்ணைச் சொல்லி பிரீமியம் கேட்டுவிடுங்கள்.